பபேசியாவின் கத்தரிக்கோல்கள்: ஒரு மாட்டுக்கார வீட்டுப் பிள்ளையின் கேள்விக்கு விடை

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்து, இப்போது கால்நடைச் சுகாதாரத்தில் டிப்ளோமா படிக்கும் தம்பி ஒருவர், தமது பாடக்குறிப்பில் வந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். உண்ணியால் பரவும் பபேசியா என்ற இரத்த ஒட்டுண்ணியின் புரோட்டியேஸ்கள், அதாவது புரதத்தை வெட்டும் நொதிகள், நல்ல மருந்து இலக்குகள் என்பது அந்த வரி. சென்ற ஆண்டு அவருடைய அப்பா செம்பனைக்கு இடையில் மேய்த்த கறவை மாடு ஒன்று கோப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் மூத்திரம் போய் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. ‘அந்த நொதியை நிறுத்தும் மருந்து ஒன்று இருந்திருந்தால் மாடு பிழைத்திருக்குமா? அப்படி ஒரு மருந்து ஏன் இன்னும் வரவில்லை?’ என்று கேட்கிறார்.

தம்பி, ஈப்போவில் கால்நடை ஆய்வுக்கூட வேலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இரத்தச் சிலைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். என் விடையின் சாரம் ஒன்றுதான். இந்த நொதிகளை ஒட்டுண்ணியின் பற்கள் என்று மட்டும் நினைத்தால் பாதி விஷயம் கைநழுவிப் போய்விடும். பபேசியாவுக்கு அவை பல்லாக இருப்பதைவிடக் கதவுத் தாழ்ப்பாளாக இருப்பதே முக்கியம். சிவப்பணுவுக்குள் நுழையும் நேரத்திலும், அதை உடைத்துக்கொண்டு வெளியேறும் நேரத்திலும், சரியான கணத்தில் சரியான புரதத்தை ஒரே ஓர் இடத்தில் வெட்டிவிடுவதுதான் அவற்றின் வேலை. அந்த வேலை நின்றால் ஒட்டுண்ணி ஒரே அணுவுக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

புரோட்டியேஸ் என்றால் என்ன என்பதற்கு உங்கள் வீட்டு அடுப்படியிலேயே சான்று இருக்கிறது. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி முற்றலாக அமைந்துவிட்டால், பச்சைப் பப்பாளிக்காயைத் துருவிப் போட்டு ஊறவைப்பார்கள். இறைச்சியை மென்மையாக்குவது அந்தக் காயின் பாலில் இருக்கும் பப்பெயின் என்ற நொதி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையே உள்ள பிணைப்பை நீரின் துணையோடு அறுப்பதுதான் பப்பெயினின் தொழில். அறுக்கும் முனையில் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருப்பதால் அதைச் சிஸ்டீன் புரோட்டியேஸ் என்கிறோம். முனையில் செரின் இருந்தால் செரின் புரோட்டியேஸ்; இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள் இருந்தால் ஆஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ்; துத்தநாகம் போன்ற உலோக அயனி இருந்தால் மெட்டலோபுரோட்டியேஸ். பபேசியாவிடம் இந்த நான்கு வகையும் உண்டு. அதன் சிஸ்டீன் நொதிகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் போவிபெயின், பபேசிபெயின் என்றெல்லாம் பெயர் வைத்ததற்குக் காரணம், அவை நம்முடைய பப்பாளியின் பப்பெயினோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதுதான். இந்த உறவு எனக்கு எப்போதும் வியப்பையே தருகிறது.

இன்னும் ஒன்றை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நொதியை எந்த உயிரணுவும் திறந்த கத்தியாக வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டால் முதலில் தன்னையே அறுத்துக்கொள்ளும். உறையில் இட்ட கத்தியைப் போல, வெட்டும் முனையை மூடும் ஒரு துண்டோடுதான் நொதி உருவாகிறது. உரிய இடத்துக்குப் போய், உரிய வேளை வந்த பிறகே அந்த மூடி அகற்றப்படுகிறது. பல சமயம் அந்த மூடியை வெட்டி எடுப்பது இன்னொரு புரோட்டியேஸ். ஆகவே இவை தனித்தனிக் கத்திகளாக இல்லாமல், ஒன்றை ஒன்று திறந்துவிடும் வரிசையாக அமைந்திருக்கின்றன. மருந்து தேடுபவர்களுக்கு இதுவே பெரிய வாய்ப்பு. வரிசையின் தலையில் நிற்கும் நொதியை நிறுத்தினால் பின்னால் வருவன எல்லாம் உறையிலேயே கிடந்துவிடும்.

இனி ஒட்டுண்ணியைப் பற்றி. 1888-இல் ருமேனியாவில் விக்டர் பபேஷ் என்ற மருத்துவர், சிவப்பு மூத்திரம் போன மாடுகளின் சிவப்பணுக்களுக்குள் இதைக் கண்டார். அவர் பெயரே இதற்கு வந்தது. 1893-இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித்தும் ஃபிரெடரிக் கில்போர்னும், டெக்சஸ் மாட்டுக்காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று நிறுவினார்கள். கொசுவுக்குள் மலேரியாவை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். கடிக்கும் சிற்றுயிருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு முதலில் மெய்ப்பித்துக் காட்டியவற்றுள் மாட்டு உண்ணி மலேரியாக் கொசுவுக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. மலேரியாவுக்கு விழுங்கிய கொய்னா மாத்திரையின் கசப்பை நம் தாத்தாமார் எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஆனால் மலேரியாவின் பங்காளி ஒன்று நம் மாட்டுக் கொட்டகையிலும் இருப்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று.

நம் நாட்டு மாடுகளில் கவலைப்பட வேண்டியவை பபேசியா போவிஸ், பபேசியா பைஜெமினா என்னும் இரண்டு. இரண்டையும் கொண்டுவருவது ரைபிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற மாட்டு உண்ணி. நாய்களில் பபேசியா கிப்சோனியும் பபேசியா வோகெலியும் வருகின்றன. உண்ணி கடிக்கும்போது எச்சிலோடு இறங்கும் ஒட்டுண்ணி, மலேரியாவைப் போல ஈரலில் தங்காமல் நேராகச் சிவப்பணுவைத் தேடிப் போகிறது. உள்ளே போய் இரண்டாகப் பிரிகிறது, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது, அடுத்த அணுவுக்குள் புகுகிறது. உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதைத்தான் உங்கள் அப்பா கோப்பி-ஓ நிறத்தில் பார்த்தார்.

நுழைவதற்கு நொதி எதற்கு என்று கேட்கலாம். ஒட்டுண்ணியின் முன்முனையில் சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுள் நுழைவுக்கு வேண்டிய புரதங்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இந்தப் புரதங்களில் பல, முதலில் நீளமாக உருவாகிப் பின்பு ஓரிடத்தில் வெட்டப்பட்ட பிறகே வேலைக்குத் தகுதியாகின்றன. மலேரியா ஒட்டுண்ணியில் இந்தத் தயாரிப்பு வேலையைப் பிளாஸ்மெப்சின்-9, பிளாஸ்மெப்சின்-10 என்ற இரு ஆஸ்பார்ட்டிக் நொதிகள் செய்கின்றன என்று 2017-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் வெளியிட்டன. 49சி என்று குறிக்கப்படும் ஒரு சேர்மம் அவற்றை முடக்கியபோது ஒட்டுண்ணி வெளியேறவும் முடியாமல், புதிய அணுவுக்குள் நுழையவும் முடியாமல் நின்றது. இவற்றுக்கு உறவான ஆஸ்பார்ட்டிக் நொதி பபேசியாவிலும் இருக்கிறது. தயாரான புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து சிவப்பணுவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் பிடித்த பிடியை விடாமல் உள்ளே நுழைய முடியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே ஒருவர் வீட்டுக்குள் போக முடியாதல்லவா? அந்தப் பிடியை அறுத்துவிடுவதற்கென்றே ரொம்பாய்டு என்ற செரின் புரோட்டியேஸ் குடும்பம் இருக்கிறது. சவ்வுக்கு வெளியே நின்று வெட்டும் மற்ற நொதிகளைப் போலன்றி, இது சவ்வுக்குள்ளேயே புதைந்திருந்து, பக்கத்தில் புதைந்திருக்கும் புரதத்தின் அடித்தண்டை வெட்டுகிறது. பபேசியா டைவர்ஜென்ஸ் என்ற ஐரோப்பிய மாட்டு ஒட்டுண்ணியில், சப்டிலிசின் வகையைச் சேர்ந்த இன்னொரு செரின் நொதியும் 2006-இல் நுழைவோடு தொடர்புபடுத்தப்பட்டது.

அடுத்தது உணவு. பாடநூல்களில் தவறு நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகையால் சற்று நின்று சொல்கிறேன். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைக் கடித்து விழுங்கி, அமிலம் நிறைந்த உணவுக்குமிழிக்குள் கொண்டுபோய், பிளாஸ்மெப்சின்களாலும் ஃபால்சிபெயின் என்ற சிஸ்டீன் நொதிகளாலும் துண்டாக்குகிறது. எஞ்சும் இரும்புச் சேர்மமான ஹீம் ஒட்டுண்ணிக்கே நஞ்சு என்பதால், அதைப் பழுப்புப் படிகமாக இறுக்கி வைத்துவிடுகிறது. சிலைடில் மலேரியாவை அடையாளம் காண உதவும் நிறமி இதுவே. நம்மில் பலர் இந்தப் படத்தை அப்படியே பபேசியாவின் மேல் ஒட்டிவிடுகிறோம். ஆனால் பபேசியா இருக்கும் சிலைடில் எத்தனை மணி நேரம் தேடினாலும் அந்த நிறமி கிடைக்காது, ஏனெனில் பபேசியா அதை உண்டாக்குவதில்லை. மலேரியாவுக்கு உள்ளது போன்ற அந்த உணவுக்குமிழியும், ஹீமோகுளோபினை வெட்டுவதற்கென்றே அமைந்த பிளாஸ்மெப்சின் கூட்டமும் இதனிடம் அவ்வாறு இல்லை. 2007-இல் பபேசியா போவிஸின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 82 லட்சம் எழுத்துகளில் 3,671 புரத மரபணுக்களே இருப்பது தெரிந்தது. மலேரியாவைவிடச் சிறிய வீடு, குறைந்த தட்டுமுட்டு.

ஆனாலும் ஃபால்சிபெயினுக்கு உறவான போவிபெயின்-2 என்ற சிஸ்டீன் நொதி பபேசியா போவிஸிடம் இருக்கிறது. பைஜெமினாவில் பபேசிபெயின்-1 இருக்கிறது. இ-64 என்று ஒரு சேர்மம் உண்டு. ஆஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்டது. பப்பெயின் குடும்பத்து நொதிகளின் கந்தக முனையைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அணுவுக்குள் எளிதாக ஊடுருவும் அதன் உறவுச் சேர்மம் ஒன்றை வளர்ப்பு ஊடகத்தில் இருந்த பபேசியா போவிஸுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒட்டுண்ணியின் பெருக்கம் குன்றியது. ஆகவே இந்த நொதிகள் அதற்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அவை உண்பதற்குத் தேவையா, உடைப்பதற்குத் தேவையா, தன் சொந்தப் புரதங்களைச் சீர்செய்வதற்குத் தேவையா என்பதை, மலேரியாவின் படத்தை வைத்துக்கொண்டு முடிவுகட்டக் கூடாது என்பதே என் வற்புறுத்தல். தேர்வில் ‘ஹீமோகுளோபினைச் செரிக்க’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

வெளியேறுவதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மாட்டின் சிவப்பணு அழிவது அந்தக் கணத்தில்தான். ஒட்டுண்ணி அணுவுக்குள் பெருகிக்கொண்டிருக்கும்வரை அணு உடைவதில்லை. உடைத்துக்கொண்டு வரும்போதுதான் இரத்தசோகையும் சிவப்பு மூத்திரமும் வருகின்றன. மலேரியா ஒட்டுண்ணி தன்னைச் சுற்றி ஒரு சவ்வுப் பையை வைத்துக்கொண்டு அதற்குள் வாழ்கிறது. ஆகவே அது வெளியே வர இரண்டு சுவர்களை உடைக்க வேண்டும். பபேசியா நுழைந்த சிறிது நேரத்திலேயே அந்தப் பையைக் கலைத்துவிட்டு, சிவப்பணுவின் நீர்மத்தில் நேரடியாகக் கிடக்கிறது. அதற்கு உடைக்க வேண்டியது ஒரே சுவர். அந்த ஒரு சுவரை உடைப்பதற்கும் உள்ளே ஓர் ஏற்பாடு நடக்கிறது. முதலில் ஒரு வேதிச்செய்தி எழுகிறது, அதைத் தொடர்ந்து கால்சியம் உயர்கிறது, கால்சியத்துக்குக் கீழ்ப்படியும் கினேஸ் நொதிகள் (மற்றப் புரதங்களை இயக்கிவிடுபவை) விழிக்கின்றன, முன்முனைப் பைகள் திறக்கின்றன, முன்கூட்டியே வெட்டித் தயாராக்கப்பட்ட புரதங்கள் வெளிவருகின்றன. அண்மை ஆண்டுகளில் பபேசியா டைவர்ஜென்ஸில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்த ஆய்வுகள், இந்தக் கினேஸ்களோடு ஆஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ்களும் இல்லாமல் ஒட்டுண்ணி வெளியேற முடியாது என்று காட்டின. பெருகிவிட்ட பிள்ளைகள் உள்ளேயே அடைபட்டுச் செத்துப் போகின்றன. உங்கள் பாடக்குறிப்பின் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான நம்பிக்கை இதுதான்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பழைய செய்தி ஒன்று உண்டு. இன்றைய பாடங்களில் அது காணாமல் போய்விட்டது. 1970களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அப்போது பபேசியா அர்ஜென்டினா என்று அழைக்கப்பட்ட இன்றைய பபேசியா போவிஸையும், பைஜெமினாவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புரதம் வெட்டும் செயல் போவிஸில்தான் வலுவாக இருந்தது. அந்த நொதி மாட்டின் பிளாஸ்மாவில் உறங்கிக்கொண்டிருக்கும் கல்லிக்ரீன் என்ற நொதியை எழுப்பிவிடுகிறது. கல்லிக்ரீன் கைனின்களை அறுத்து விடுவிக்கிறது. கைனின்கள் நாளங்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. இதை நான் படித்த அன்று, அதுவரை எனக்கு விளங்காத ஒரு காட்சி விளங்கிற்று. பைஜெமினா வந்த மாட்டின் சிலைடில் நூற்றுக்குப் பத்து, இருபது அணுக்களில்கூட ஒட்டுண்ணி தெரியும், மாடு நின்றுகொண்டிருக்கும். போவிஸ் வந்த மாட்டின் சிலைடில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. மாடு படுத்த படுக்கையாகிவிடும். ஒட்டுண்ணியின் எண்ணிக்கைக்கும் அது விளைக்கும் கேட்டுக்கும் பொருத்தமே இல்லாமல் இருந்ததற்கு, ஒட்டுண்ணி தொற்றிய அணுக்கள் நுண்நாளங்களின் சுவரில் ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். மாட்டின் சொந்த நொதிகளையே அதற்கு எதிராக ஒட்டுண்ணி தூண்டிவிடுவது இன்னொரு காரணம்.

பழுதான புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரமும் பபேசியாவில் உண்டு. அதை அடைத்தாலும் ஒட்டுண்ணி சாகிறது. ஆனால் அது எல்லா உயிரணுக்களுக்கும் பொதுவான இயந்திரம் என்பதால், மாட்டினுடையதைத் தொடாமல் ஒட்டுண்ணியினுடையதை மட்டும் தொடும் சேர்மத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

உண்ணியின் வயிற்றில் நடப்பதை விட்டுவிட்டால் இந்த விடை பாதியாகிவிடும். கொசு தான் குடித்த இரத்தத்தைக் குடலின் உட்குழியிலேயே டிரிப்சின் வகை நொதிகளால் விரைவாகச் செரிக்கிறது. உண்ணி அப்படிச் செய்வதில்லை. அதன் குடல் உயிரணுக்கள் இரத்தத்தைத் துளித்துளியாக உள்ளே இழுத்து, அமிலப் பைகளுக்குள் வைத்து, கத்தெப்சின்-டி, பி, எல், லெகுமெய்ன் என்ற நொதிகளின் கூட்டணியால் நாள்கணக்கில் மெதுவாகச் செரிக்கின்றன. தன் எடையைப்போல் நூறு மடங்கு இரத்தத்தைக் குடிக்கும் உயிருக்கு இந்த நிதானம் பொருத்தமானதே. ஆனால் இதனால் ஒட்டுண்ணிக்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது. குடலின் உட்குழியில் நொதிகளின் தாக்குதல் குறைவாக இருப்பதால், அங்கேயே அது ஆண், பெண் வடிவங்களாகிக் கூடி, குடல் சுவரைத் துளைத்து, சூலகம்வரை போய்விடுகிறது. மைக்ரோபிளஸ் உண்ணி குஞ்சாக ஏறியது முதல் முட்டையிட இறங்கும்வரை ஒரே மாட்டின் மேல் கழிப்பது. ஆகவே தாயிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் போனால்தான் ஒட்டுண்ணி அடுத்த மாட்டை அடைய முடியும். ஒரு பெண் உண்ணி இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டையிடும் என்பதை நினைத்தால் இந்த வழி எவ்வளவு பெரியது என்று புரியும்.

இந்த வழியில் நிற்கும் ஒரு காவலைப் பற்றி 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹீமாஃபிசாலிஸ் லாங்கிகார்னிஸ் என்ற உண்ணியின் நடுக்குடலில் லாங்கிபெயின் என்ற சிஸ்டீன் நொதி இருக்கிறது. பெயரின் வாலைப் பாருங்கள், இதுவும் பப்பாளியின் உறவே. இந்த நொதி பபேசியாவையே கொல்கிறது. உண்ணியில் அதன் மரபணுவை அடக்கியபோது, உடலில் பபேசியா கிப்சோனியின் எண்ணிக்கை கூடியது. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளிலும் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே ‘புரோட்டியேஸைத் தடுப்போம்’ என்று பொதுவாகச் சொல்வது பிழையான பேச்சு. பப்பெயின் குடும்பம் முழுவதையும் ஒருசேர முடக்கும் மருந்தைக் கொடுத்து, அது மாட்டின் இரத்தத்தோடு உண்ணியின் வயிற்றுக்கும் போனால், நமக்காக நின்ற காவலையும் நாமே கட்டிப்போட்டது போலாகிவிடும் என்று அஞ்ச இடமுண்டு. எந்தக் கத்தரி, யாருடைய கத்தரி என்று பிரித்துப் பேச வேண்டும். உண்ணி தானே இந்தப் பிரிப்பில் வல்லது. அதன் எச்சிலில் உள்ள சிஸ்டாட்டின், செர்பின் என்ற தடுப்புப் புரதங்கள், கடிபட்ட உயிரின் நோயெதிர்ப்புக்கும் இரத்தம் உறைவதற்கும் வேண்டிய நொதிகளைத் தேர்ந்தெடுத்துத் தடுக்கின்றன. நாம் ஆய்வுக்கூடத்தில் தேடும் தடுப்பான்களை அது எத்தனையோ கோடி ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

பபேசியாவின் நெருங்கிய உறவான தைலேரியாவில் இது இன்னொரு விதமாகத் திரும்புகிறது. தைலேரியா அனுலேட்டா மாட்டின் வெள்ளணுக்களுக்குள் புகுந்து அவற்றைப் புற்றுநோய் அணுக்களைப் போலப் பெருகவைக்கிறது. அந்த வெள்ளணுக்கள் மெட்டலோபுரோட்டியேஸ்களைச் சுரந்து, திசுக்களைத் துளைத்துக்கொண்டு உடலெங்கும் பரவுகின்றன. இங்கே கத்தரி மாட்டினுடையது. அதைப் பிடித்து வெட்டவைக்கும் கை ஒட்டுண்ணியினுடையது. ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வளர்த்த அணுக்களில் இந்தச் சுரப்பு குறைந்துபோகிறது. நோயை உண்டாக்கும் வலுவும் அதோடு தளர்ந்துவிடுகிறது. இந்தியாவில் மாடுகளுக்குப் போடப்படும் தைலேரியா தடுப்பூசி, இவ்வாறு வளர்த்து வலுவிழக்கச் செய்த அணுக்களால் ஆனது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: மருந்து ஏன் வரவில்லை? புரோட்டியேஸைத் தடுத்து மருந்தாக்க முடியாது என்பதால் அல்ல. இரத்தக் கொதிப்புக்கு நம் கிளினிக்குகளில் கொடுக்கும் பெரின்டோப்ரில், துத்தநாகம் தாங்கிய ஒரு வெட்டு நொதியைத் தடுக்கும் மருந்துதான். அந்த வகையில் முதலில் வந்த கேப்டோப்ரில் பிரேசில் நாட்டுப் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்து 1981-இல் சந்தைக்கு வந்தது. எச்.ஐ.வி.க்கு 1995 முதல் புரோட்டியேஸ் தடுப்பான்கள் இருக்கின்றன. கோவிட் காலத்தில் வந்த நிர்மாட்ரெல்விரும் அந்த வைரஸின் சிஸ்டீன் புரோட்டியேஸைத் தடுப்பதே. இவற்றில் வைரஸ் மருந்துகள் வென்றதற்குக் காரணம், வைரஸின் நொதி நம் நொதிகளிலிருந்து வெகுவாக வேறுபட்டிருந்தது.

பபேசியாவின் சிஸ்டீன் நொதிகளோ மாட்டின் உடலில் உள்ள கத்தெப்சின் நொதிகளுக்கு நெருங்கிய சாயல் உடையவை. ஒரே பூட்டுக்கடையில் செய்த இரண்டு பூட்டுகளைப் போல, ஒன்றுக்குச் செய்த சாவி மற்றதிலும் நுழைந்துவிடும். கத்தெப்சின்-கே என்ற ஒரே நொதியைத் தடுத்து எலும்புத் தேய்வைக் குணப்படுத்த முயன்ற ஓடனாகாட்டிப் என்ற மருந்து, பெரிய மனிதச் சோதனைவரை போய், பக்கவாத ஆபத்து கூடியதால் 2016-இல் கைவிடப்பட்டது. அந்தக் குடும்பத்தைத் தொடுவது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இதனால்தான் நான், சிஸ்டீன் நொதிகளைவிட, வெளியேற்றத்துக்கு முன்னால் நிற்கும் ஆஸ்பார்ட்டிக் நொதிகள் மீதே அதிக நம்பிக்கை வைக்கிறேன்.

மாட்டு மருந்துக்கு வேறு தடைகளும் உண்டு. உடலில் தங்கும் மருந்து பாலிலும் இறைச்சியிலும் வரும். பபேசியாவுக்குப் போடும் இமிடோகார்ப் என்ற ஊசி மருந்துக்குப் பின், பாலையும் இறைச்சியையும் பயன்படுத்தாத நீண்ட விலக்குக் காலம் வைப்பது அதனால்தான். மாட்டின் விலையையும் மருந்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் யோசிக்கும் வளர்ப்பாளர்களுக்காக யாரும் எளிதில் பெரும்பணம் போட மாட்டார்கள். நாய்களுக்குப் புதிய மருந்து வருவது இதைவிட விரைவாக நடக்கலாம். அங்கே தேவையும் அவசரமானது. பபேசியா கிப்சோனிக்கு இமிடோகார்ப் சரியாகக் கேட்பதில்லை. அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தால் கேட்கும். ஆனால் சைட்டோகுரோம்-பி என்ற புரதத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டால் அட்டோவாகுவோன் பயனற்றுப் போகிறது.

கடைசியாக உங்கள் அப்பாவின் மாடு. மூத்திரம் கறுத்துவிட்ட பிறகு, வெளியேற்றத்தைத் தடுக்கும் மருந்து கையில் இருந்திருந்தாலும், அது அடுத்த சுற்று உடைப்பைத்தான் நிறுத்தியிருக்கும். அதற்கு முன் உடைந்த அணுக்களைத் திருப்பித் தந்திராது. மாட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, முதல் நாளிலேயே போடப்பட்ட டிமினசீன் அல்லது இமிடோகார்ப் ஊசியும், கிடைத்தால் இரத்தம் ஏற்றுவதும்தான். முதல் நாள் வந்தவர் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தீர்கள். சிலைடு எடுக்காமல் விட்டது தவறு என்பதை நான் மறைத்துச் சொல்ல மாட்டேன். அதே வேளை உங்கள் அப்பா செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. அவர் தம்மைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்த மாட்டின் கன்றுக்கு இப்போது ஏழு மாதம் என்கிறீர்கள். கன்றுகள் ஏறத்தாழ ஒன்பது மாதம்வரை இந்த நோயைத் தாங்கிக்கொள்ளும்; இளமையில் சிறு அளவில் தொற்றித் தேறிய கன்று பெரிதான பின்பும் பெரும்பாலும் தாங்கும். எனவே உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லாதபடி அதைத் துடைத்து வைக்க வேண்டாம்; மிகுந்துபோனால் மட்டும் மருந்து அடியுங்கள். காய்ச்சல் கண்டால், கழுத்து நரம்பில் இரத்தம் எடுக்காதீர்கள். போவிஸ் நுண்நாளங்களில் ஒட்டிக்கொண்டு கிடப்பதால் பெரிய நாளத்து இரத்தத்தில் அகப்படாமல் போகும். காது நுனியிலோ வால் நுனியிலோ சிறு குத்துக் குத்தி, வரும் முதல் துளியைச் சிலைடில் மெல்லியதாக இழுத்து, காற்றில் உலரவிட்டு, மெத்தனாலில் நனைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். கீம்சா சாயம் என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து இருவரும் பார்ப்போம்.